சோழிங்கநல்லூருக்கு இன்னொரு எம்.எல்.ஏ. எதற்கு?

கேள்வி: சோழிங்கநல்லூர் தொகுதி பெருத்துவிட்டது, இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள் சென்னைக்காரர்கள். ஓட்டுப் போடவே வராதவர்களுக்கு இன்னொரு எம்.எல்.ஏ. எதற்கு? அவருக்கும் சம்பளம், படி என்று மக்கள் பணம்தானே போகும்? அதோடு, சென்னைக்கு ஒன்று கூடினால் வேறெங்கோ ஒன்று குறையும். 2008-ல் திருவட்டாறு தொகுதியைப் பறிகொடுத்தவர்கள் நாங்கள். தேவை என்றால் மாவட்டத்தைப் பிரித்த மாதிரி மாநில அரசே பிரித்துவிட்டுப் போகட்டுமே?
— ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: திருவட்டாறு பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஓட்டுப் போடாதவர்களுக்கு எதற்கு எம்.எல்.ஏ. என்று கேட்டீர்களே, அதில் நியாயம் இல்லை.

2021 சட்டமன்றத் தேர்தலின்போது சோழிங்கநல்லூர் வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ 6.9 லட்சம் பேர் இருந்தார்கள். அதே சென்னையில் துறைமுகம் தொகுதியில் சுமார் 1.76 லட்சம் பேர். இரண்டுக்கும் ஆளுக்கொரு எம்.எல்.ஏ.தான். மாநிலம் முழுவதையும் 234-ஆல் வகுத்தால் தொகுதிக்கு 2.7 லட்சம் பேர்கூட வராது. இறந்தவர்கள், வீடு மாறிப் போனவர்கள் பெயரெல்லாம் சேர்ந்து அந்தப் பட்டியல் வீங்கியிருந்தது என்று சொல்வார்கள். சரி, இரண்டு லட்சத்தைக் கழித்துவிடுங்கள். அப்போதும் சராசரியைப்போல ஏறத்தாழ இரண்டு பங்கு நிற்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 170-வது பிரிவு, ஒரு மாநிலத்துக்குள் தொகுதிகளின் மக்கள்தொகை இயன்றவரை சமமாக இருக்க வேண்டும் என்கிறது. அங்கே பேச்சு மக்கள்தொகையைப் பற்றியது, ஓட்டுப் போட்டவர்களைப் பற்றியது இல்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, ஊரில் ஓட்டை வைத்துக்கொண்டு இங்கே கட்டட வேலை செய்கிற தொழிலாளி எல்லாரும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். அவர்களுக்கும் தண்ணீர் வேண்டும், பஸ் வேண்டும். சோழிங்கநல்லூரில் 2021-ல் வாக்குப்பதிவு பாதியைச் சற்றே தாண்டியது என்பது உண்மைதான், வருத்தமும்தான். ஆனால் வருடா வருடம் வாடகை வீடு மாறுகிறவர்கள் நிறைந்த இடம் அது. வீடு மாறும் ஒவ்வொரு முறையும் முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 கொடுக்காவிட்டால் ஓட்டு பழைய முகவரியிலேயே கிடக்கும். அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். அதைக் காரணம் காட்டி அவர்களுக்குரிய இடத்தை மறுப்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது செலவு. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் மாதச் சம்பளம், படிகள் எல்லாம் சேர்த்து 2017-ல் 1.05 லட்சம் ரூபாயானது. வருடத்துக்கு 12.6 லட்சம். 6.9 லட்சம் பேர் பங்கு போட்டால் தலைக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். தொகுதி மேம்பாட்டு நிதி என்று எம்.எல்.ஏ.வுக்கு வருடம் 3 கோடி ரூபாய் ஒதுக்குகிறார்கள். தொகுதி பெரிதோ சிறிதோ, அதே 3 கோடிதான். துறைமுகத்தில் அது வாக்காளர் ஒருவருக்கு 170 ரூபாய், சோழிங்கநல்லூரில் 43 ரூபாய். ரேஷன் கடைக் கட்டடம், சமுதாயக் கூடம், தெருவிளக்கு என்று மக்கள் கேட்பதெல்லாம் இந்தப் பணத்திலிருந்துதான் வர வேண்டும்.

இந்த 43 ரூபாய்க்காரர்கள் யார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் மட்டும் இல்லை அந்தத் தொகுதி. கண்ணகி நகர் அங்கேதான் இருக்கிறது, பெரும்பாக்கமும் அங்கேதான். கண்ணகி நகரில் மட்டும் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் தலைமுறைகளாக இருந்தவர்களை அரசே லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே குடியமர்த்தியது. நகரின் நடுவே இருந்தவரை, இரண்டு லட்சத்தையொட்டி வாக்காளர்கள் உள்ள தொகுதிகளில் அவர்களுக்கு ஓட்டு இருந்தது. அங்கிருந்து கிளப்பியதால் வேலை தூரமானது, பிள்ளைகளின் பள்ளி தூரமானது. கூடவே அவர்களுடைய ஓட்டின் எடையும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டது. இதை அவர்களிடம் யாரும் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. ‘சென்னைக்காரர்கள்’ என்று நீங்கள் பொதுவாகச் சொல்லிவிட்ட கூட்டத்துக்குள் இவர்களும் இருக்கிறார்கள்.

எம்.எல்.ஏ.வின் வேலையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் சாலையில் பள்ளிக்கரணை முடிந்ததும் மேடவாக்கம். இரண்டும் இதே தொகுதிதான். 2011-ல் மாநகராட்சி விரிந்தபோது பள்ளிக்கரணை உள்ளே வந்தது, மேடவாக்கம் ஊராட்சியாகவே நின்றது. சாலையும் ஒன்று, மழைக்காலத்தில் தேங்குகிற தண்ணீரும் ஒன்று. இந்தப் பக்கத்துக்காரர் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு போன் போட்டுப் புகார் சொல்வார், அந்தப் பக்கத்துக்காரர் ஊராட்சி அலுவலகத்துக்கு நடப்பார். எம்.எல்.ஏ. இரண்டு இடத்துக்கும் அலைய வேண்டும். ஒரு தண்ணீர்ப் பிரச்சினைக்கு மாநகராட்சி அதிகாரியிடமும் ஊராட்சிகளைப் பார்க்கிற பி.டி.ஓ.விடமும் தனித்தனியாகப் பேசித் தீர்க்க வேண்டிய ஆளின் தலையில் 2021 கணக்குப்படி சராசரியைப்போல இரண்டரைப் பங்கு வாக்காளர்களையும் ஏற்றியிருக்கிறோம். எந்தக் கட்சிக்காரர் ஜெயித்தாலும் இதே கதைதான்.

மாநில அரசே பிரிக்கட்டும் என்கிறீர்கள். முடியாது. மாவட்டம் என்பது வருவாய் நிர்வாகம். தென்காசியையும் செங்கல்பட்டையும் 2019-லும், மயிலாடுதுறையை 2020-லும் மாநில அரசு தன் அதிகாரத்தில் உருவாக்கியது. சட்டமன்றத் தொகுதியின் எல்லையில் அதற்குக் கையே கிடையாது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அமைக்கும் தொகுதி மறுவரையறை ஆணையம்தான் தொட முடியும். கடைசியாக அப்படித் தொட்டது நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம். 2008-ல் நடைமுறைக்கு வந்த அந்த வரைபடத்துக்கு அடிப்படை 2001 மக்கள்தொகைக் கணக்கு. சோழிங்கநல்லூர் தொகுதி பிறந்ததே அப்போதுதான். ஓ.எம்.ஆரில் டைடல் பார்க் ஐ.டி. வளாகம் திறந்து ஒரு வருடம்கூட ஆகாத காலத்துத் தலைக்கணக்கு அது. அந்தத் தொகுதியில் முதல் தேர்தல் நடந்த 2011-லேயே கணக்குக்குப் பத்து வயது ஆகிவிட்டது. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போனது.

இனி திருவட்டாறு. மொத்த இடங்கள் 234-ல் உறைந்து கிடக்கும்போது ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் குறைந்தே தீரும். 2008-ல் சென்னை மாவட்டம் 14-லிருந்து 16 ஆனது, குமரி 7-லிருந்து 6 ஆனது. சேரன்மகாதேவி, சாத்தான்குளம், இளையான்குடி எல்லாம் தொகுதிப் பட்டியலிலிருந்தே மறைந்தன. பிழைப்புக்காக நகரத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஊரில் இருப்பவர்களிடமிருந்து எம்.எல்.ஏ.வையும் பிடுங்கிக்கொள்வதை நான் ஏற்கவில்லை. மலையும் காடுமாக வீடுகள் சிதறிக் கிடக்கிற இடத்தில் தலைகள் குறைவு, தூரம் அதிகம். அங்கே ஒரு தொகுதி போவது சின்ன இழப்பு இல்லை.

ஆனால் அதற்கு வழி சோழிங்கநல்லூரை அப்படியே விட்டுவைப்பது இல்லை. 234-ஐ உயர்த்துவதுதான். இந்த எண் 1967-லிருந்து மாறவில்லை. 1971-ல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4.12 கோடி, 2011-ல் 7.21 கோடி. ஒரு சட்டமன்றத்தில் 500 பேர்வரை இருக்கலாம் என்று அதே 170-வது பிரிவு சொல்கிறது. இப்போதுள்ளதைவிட ஒரு ஐம்பது, அறுபது இடம் கூடினால் குமரியிடம் ஒன்றையும் எடுக்காமலே சென்னைக்கும் கோவைக்கும் உரியதைக் கொடுத்துவிடலாம்.

இந்த இடத்தில் எல்லாரும் ஒரு குழப்படி செய்கிறார்கள். மறுவரையறை என்றதும் மக்களவை இடங்கள்தான் பேச்சாகிவிடுகிறது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் டெல்லியில் பலம் இழக்கக் கூடாது என்பது நியாயமான கோரிக்கை. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதால் உத்தரப் பிரதேசத்துக்கு ஒன்றும் கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை. 2001-ல் வந்த அரசமைப்புச் சட்டத்தின் 84-வது திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை மக்களவை இடங்களையும் சட்டமன்ற இடங்களையும் ஒரே முடிச்சில் கட்டிப்போட்டது. அந்த முடிச்சைத் தனித்தனியாக அவிழ்க்கச் சொல்லி நம் கட்சிகள் கேட்க வேண்டும். மக்களவைக் கணக்கு அப்படியே இருக்கட்டும், சட்டமன்ற இடங்களை மட்டும் உயர்த்துங்கள் என்று உரக்கக் கேட்பவர்கள் யார் என்று தேடிப் பாருங்கள். உங்கள் கோபம் அந்தப் பக்கம் திரும்பட்டும்.

அதுவரை மாநில அரசு சும்மா இருக்க வேண்டியதில்லை. மேம்பாட்டு நிதியைத் தலைக்கணக்குப்படியும் பரப்பளவைப் பார்த்தும் பிரித்துக் கொடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. கோட்டையிலிருந்து ஓர் அரசாணை போதும்.

தொகுதியைப் பிரிக்கும் நாள் வரும்போது எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு தொகுதியை இரண்டாக்குவது சுலபம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் நடுவில் கிடப்பதால், மேற்கே மடிப்பாக்கம், மேடவாக்கம் ஒரு தொகுதி, கிழக்கே ஓ.எம்.ஆர்., நீலாங்கரை ஒரு தொகுதி என்று வரைபடத்தைப் பார்த்ததுமே கை கோடு இழுத்துவிடும். அப்படி இழுத்தால் கண்ணகி நகர் ஒரு பக்கமும் பெரும்பாக்கம் மறு பக்கமும் போய்விழக்கூடும். அவை இரண்டும் ஒரே தொகுதியில் இருந்தால் அந்த மக்களைக் கேட்காமல் யாரும் அங்கே ஜெயிக்க முடியாது. பிரித்துவிட்டால் இரண்டு இடத்திலும் ஓரத்தில் நிற்பார்கள்.

ஆணையத்தில் அந்தந்த மாநில எம்.பி.க்கள், எம்.எல்.ஏ.க்கள் இணை உறுப்பினர்களாக உட்காருவார்கள். பேசலாம், வாக்களிக்க முடியாது. அதனால் நம் எம்.எல்.ஏ. பார்த்துக்கொள்வார் என்று சோழிங்கநல்லூர்க்காரரும் இருக்கக் கூடாது, குமரிக்காரரும் இருக்கக் கூடாது. வரைவை வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டு, பொது விசாரணை வைப்பார்கள். இறுதி ஆணை வந்த பிறகு நீதிமன்றத்தில் போய் மாற்றுவது அநேகமாக நடக்காத காரியம். குமரியில் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்பதற்கான உங்கள் மனுவை இப்போதே எழுதத் தொடங்குங்கள். மலைக் கிராமத்திலிருந்து தொகுதியின் முக்கிய ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதையெல்லாம் அதில் சேருங்கள். போக்குவரத்து வசதியையும் பொதுமக்கள் வசதியையும் பார்க்க வேண்டும் என்று மறுவரையறைச் சட்டமே சொல்கிறது.