பனி பெய்து நின்ற மேட்ச், ஆற்றில் இறங்கிப் போடும் கோல்: டார்பிஷர் கேள்வி பதில்

2007-ல் வேலைக்காக இங்கிலாந்தின் டார்பி நகரத்துக்கு வந்தேன். மூன்று வருஷத்தில் ஊர் திரும்புவதாகத் திட்டம். இன்னும் இங்கேதான் இருக்கிறேன். டார்பிஷர் கவுன்ட்டியின் விளையாட்டுகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லி வைத்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து, எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

டெர்பியா, டார்பியா? உள்ளூர் அணிகள் மோதினால் 'டெர்பி மேட்ச்' என்கிறோமே, அது உங்கள் ஊரிலிருந்து வந்ததா சார்? (திருச்சி வாசகர்)

எழுத்தைப் பார்த்தால் டெர்பி. இங்கே வாயில் வருவது டார்பி. டெர்பி என்றால் புரியாமல் போகாது, ஆனால் ஒரு சின்ன சிரிப்பு வரும்.

இரண்டாவது கேள்விக்கு உள்ளூர்க்காரர்கள் 'ஆமாம்' என்றுதான் சொல்வார்கள். டார்பியில் ஆல் செயின்ட்ஸ், செயின்ட் பீட்டர்ஸ் என்ற இரண்டு தேவாலயங்களைச் சேர்ந்த வட்டாரங்கள் வருஷா வருஷம் தெருவில் இறங்கிப் பந்துக்கு அடித்துக்கொள்ளும். கலவரமாகிப் போனதால் 1846-ல் படையை இறக்கி நிறுத்தினார்கள். இன்னொரு தரப்பு, 1780-ல் எப்சமில் தொடங்கிய டெர்பி குதிரைப் பந்தயத்தைக் கைகாட்டும். அந்தப் பந்தயம் டெர்பி பிரபுவின் பெயரில் நடப்பது. எனக்கு குதிரைக் கதைதான் சரியாகப் படுகிறது. பக்கத்து வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு ஊரே இரண்டாகப் பிரிந்து விளையாடும் கால்பந்து இருக்கிறதாமே, அது என்ன அண்ணா? (ஈரோடு வாசகி)

ஆஷ்பர்ன். டார்பியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கும் சின்ன ஊர். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாயும், மறுநாள் சாம்பல் புதனும் அங்கே 'ராயல் ஷ்ரோவ்டைட்' கால்பந்து. ஊர் நடுவே ஹென்மோர் என்று ஒரு ஓடை ஓடுகிறது. அதற்கு வடக்கே பிறந்தவர் 'அப்பர்ட்', தெற்கே பிறந்தவர் 'டவுனர்ட்'. அணிக்கு எத்தனை பேர் என்ற கணக்கெல்லாம் கிடையாது, ஆயிரக்கணக்கில் வருவார்கள். கோல் இருக்கும் இடங்கள் ஸ்டர்ஸ்டன், கிளிஃப்டன் என்ற இரண்டு பழைய ஆலைகள். இடையே மூன்று மைல். இதில் வேடிக்கை, எதிராளி கோலில் போடுவது இல்லை. பந்தைத் தன் பக்கத்து ஆலைக்குக் கொண்டுபோய், ஆற்றுக்குள் நின்று, அங்கே பதித்திருக்கும் ஆலைக்கல்லில் மூன்று முறை தட்ட வேண்டும். பிப்ரவரி, மார்ச் மாதத்து ஆற்றுத் தண்ணீர் என்பதை நினைவில் வையுங்கள்.

பந்துக்குள் காற்று இல்லை, கார்க் துண்டுகள். தண்ணீரில் விழுந்தால் மிதக்க வேண்டுமே! மேலே வண்ணம் தீட்டியிருப்பார்கள். கோல் போட்டவருக்கே பந்து சொந்தம், வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ளலாம். மதியம் இரண்டு மணிக்கு ஷா கிராஃப்ட் கார் பார்க்கிங்கில் இருக்கும் மேடையிலிருந்து யாராவது ஒரு விருந்தினர் பந்தைக் கூட்டத்துக்குள் எறிவார். 1928-ல் எறிந்தவர் பின்னாளில் எட்டாம் எட்வர்ட் ஆன இளவரசர். 2003-ல் இப்போதைய மன்னர் சார்லஸ். இரவு பத்து மணிக்குள் கோல் விழாவிட்டால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான்.

விதிகள் கொஞ்சம்தான்: கொலை கூடாது, பந்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, கோட்டுக்குள்ளோ பைக்குள்ளோ ஒளிக்கக் கூடாது, கல்லறைப் பக்கம் போகக் கூடாது. கொலை விதியை எழுதி வைக்க வேண்டி வந்திருக்கிறது பாருங்கள்.

முதல் தடவை போனபோது, ஓரமாகத்தானே நிற்கிறோம் என்று தைரியமாக இருந்தேன். பந்து எங்கே என்றே தெரியவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள், நடுவிலிருந்து சோற்றுப்பானை மாதிரி ஆவி கிளம்புகிறது. இதற்கு 'ஹக்' என்று பெயர், அதாவது கட்டிப்பிடி. பத்து நிமிஷம் அசையவே இல்லை. திடீரென்று மொத்தமும் என் பக்கம் சாய்ந்தது. கடை ஜன்னலுக்கு அடித்திருந்த பலகையில் முதுகு போய் ஒட்டிக்கொண்டது. வெளியே வந்து பார்த்தால் இடது காலில் ஷூ இல்லை. மறுநாள் அந்த வழியாகப் போனபோது யாரோ அதை எடுத்து ஒரு மதில்மேல் வைத்திருந்தார்கள், கவிழ்த்து, தண்ணீர் வடியும்படி.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா? (டார்பிக்குப் புதிதாக வந்த நர்ஸ்)

தாராளமாகப் போகலாம் தங்கச்சி. காரை ஊருக்கு வெளியே தூரமாக விட்டுவிடுங்கள். பந்து எறிவதற்கு முன் எல்லோரும் சேர்ந்து பாடுவதைப் பார்த்துவிட்டு, பந்து மேலே போனதும் பின்வாங்கிவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற இடத்தில் மட்டும் நிற்க வேண்டாம். அனுபவம் பேசுகிறது.

வெங்கட்ராகவன் டார்பிஷருக்கு ஆடினார் என்று அப்பா சொல்வார். உண்மையா? (மயிலாப்பூர் வாசகர்)

அப்பா சொன்னது சரி. 1973 முதல் 1975 வரை ஆடினார். அந்த 1975-ல்தான் முதல் உலகக் கோப்பையில் இந்திய அணிக்குக் கேப்டன். பிற்பாடு 1991-லும் 1994-லும் அசாருதீன் இங்கே ஆடினார். மைதானம் டார்பியில் பழைய குதிரைப் பந்தயத் திடல், சுற்றி மரம் மட்டை கிடையாது, காற்று நேரே வந்து அறையும். சேப்பாக்கத்தில் பந்து போட்டுப் பழகிய விரல்கள் ஏப்ரல் மாதத்தில் அங்கே என்ன பாடு பட்டிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஜூன் மாதத்தில் பனி பெய்து கிரிக்கெட் நின்றது என்பது கட்டுக்கதையா? (சேலம் வாசகர்)

கட்டுக்கதை இல்லை. 1975 ஜூன் 2, பக்ஸ்டன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையூர். எதிரணி லங்காஷர். சனிக்கிழமை அவர்கள் 5 விக்கெட்டுக்கு 477 எடுத்தார்கள், கிளைவ் லாயிட் மட்டும் ஆட்டமிழக்காமல் 167. திங்கட்கிழமை வந்து பார்த்தால் மைதானம் வெள்ளையாக மூடிக் கிடக்கிறது. அன்று ஆட்டமே இல்லை.

கதை அதோடு முடியவில்லை. அந்தக் காலத்தில் மேட்ச் தொடங்கிவிட்டால் பிட்ச்சை மூடி வைப்பதில்லை. செவ்வாய்க்கிழமை வெயில் அடித்துப் பனி உருகியதும், ஊறிப்போன தரையில் ஒரு பந்து தலைக்கு மேல் எகிறும், அடுத்தது காலடியில் உருளும். டார்பிஷர் முதல் இன்னிங்ஸில் 42, இரண்டாவதில் 87. இன்னிங்ஸ், 348 ரன் வித்தியாசத்தில் தோல்வி. பேட் செய்ய வந்த ஆஷ்லி ஹார்வி-வாக்கர், கைக்குட்டையில் சுற்றிய எதையோ அம்பயர் டிக்கி பேர்டிடம் 'பத்திரமாக வைத்திருங்கள்' என்று கொடுத்தாராம். பிரித்தால் பொய்ப்பல் செட்! டிக்கி பேர்ட் அந்தக் கதையைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

டார்பிஷர் ஜெயித்ததே இல்லையா அண்ணே? (மேலே உள்ளவரின் நண்பர்)

கவுன்ட்டி சாம்பியன்ஷிப் ஒரே ஒரு தடவை, 1936-ல். அந்த அணியின் வேகப்பந்து வீச்சாளர் பில் காப்சன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1926 பொது வேலைநிறுத்தத்தின்போது வேலை இல்லாமல் பொழுது போகாமல்தான் கிரிக்கெட் பக்கமே வந்தார். 1932-ல் சர்ரேக்கு எதிராக, முதல்தரக் கிரிக்கெட்டில் தான் போட்ட முதல் பந்திலேயே ஆண்டி சாண்ட்ஹாமை அவுட்டாக்கினார். சுரங்க வாயில் நின்று விசில் அடித்தால் ஒரு வேகப்பந்து வீச்சாளர் மேலே வருவார் என்று இந்தப் பக்கங்களில் பழைய சொல் ஒன்று உண்டு. சுரங்கங்கள் மூடிவிட்டன. விசில் அடித்தாலும் இப்போது யாரும் வரப்போவதில்லை.

மறுகோடியும் சொல்லிவிடுகிறேன். 1920-ல் 18 மேட்ச், 17 தோல்வி. மிச்சம் ஒன்றில் ஒரு பந்துகூடப் போட முடியாமல் கைவிட்டார்கள்.

1904-ல் செஸ்டர்ஃபீல்டில் நடந்தது எனக்குப் பிடித்த மேட்ச். எசெக்ஸின் பெர்சி பெரின் ஆட்டமிழக்காமல் 343. அணி 597. அப்படியும் எசெக்ஸ் ஒன்பது விக்கெட்டில் தோற்றது! டார்பிஷருக்காக 229-ம், ஆட்டமிழக்காமல் 92-ம் அடித்தவர் சார்லஸ் ஒலிவியேர், கவுன்ட்டி கிரிக்கெட் ஆடிய முதல் கறுப்பின மேற்கிந்தியர்.

கால்பந்து மைதானத்துக்கு ஏன் 'பேஸ்பால் கிரவுண்ட்' என்று பெயர் வைத்தார்கள்? (லெஸ்டர் மாணவர்)

பேஸ்பால் ஆடத்தான் கட்டினார்கள் தம்பி. பிரான்சிஸ் லே என்ற வார்ப்பட ஆலை முதலாளி அமெரிக்கா போய்வந்து, 1890 வாக்கில் தன் தொழிலாளர்களுக்காக அமைத்த திடல் அது. பேஸ்பால் இந்த நாட்டில் வேர் பிடிக்கவில்லை. டார்பி கவுன்ட்டி கால்பந்து அணி 1895-ல் அங்கே குடிபோய் 1997 வரை இருந்தது. அந்த அணியே 1884-ல் கிரிக்கெட் கிளப் பெற்ற பிள்ளைதான், குளிர்காலத்தில் நாலு காசு வரட்டும் என்று தொடங்கியது. டார்பிக்கு 332 கோல் அடித்த ஸ்டீவ் புளூமர் பேஸ்பாலும் ஆடியவர்.

அங்கிருந்து நாடோடி ரோமா மக்களைக் கிளப்பிவிட்டதால் சாபம் விழுந்தது என்றொரு கதை. 1898, 1899, 1903 என்று மூன்று எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டங்களில் தோற்றார்கள், மூன்றாவதில் 6–0. 1946 இறுதியாட்டத்துக்கு முன்னால் கேப்டன் ஜாக் நிக்கோலஸ் போய்ச் சாபத்தை எடுக்கச் சொல்லிக் கேட்டதாகச் சொல்வார்கள். அந்த ஆட்டத்தில் 1–1 என்று இருந்தபோது பந்தே வெடித்தது. கூடுதல் நேரத்தில் மூன்று கோல், 4–1 வெற்றி. சாபம் வெடித்தது என்று ஊர் நம்புகிறது, நான் பந்தின் தையலைச் சந்தேகிக்கிறேன்.

அந்த மைதானத்தின் சேறும் பேர்போனது. 1977-ல் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகப் பெனால்டி கிடைத்தபோது, பெனால்டி புள்ளியையே காணோம். மைதானப் பராமரிப்பாளர் டேப்பும் சுண்ணாம்பு வாளியுமாக வந்து, பன்னிரண்டு கெஜம் அளந்து, புதிதாகப் புள்ளி வைத்துவிட்டுப் போனார். அப்புறம்தான் ஜெரி டேலி அடித்து கோல் போட்டார்.

பிரையன் கிளஃப் பற்றி ஒரு வரியாவது? (பல பேர் கேட்டது)

1967-ல் இரண்டாம் டிவிஷனில் கிடந்த டார்பி கவுன்ட்டி கால்பந்து அணிக்கு மேனேஜராக வந்து, உதவியாளர் பீட்டர் டெய்லரோடு சேர்ந்து எடுத்து, 1972-ல் லீக் சாம்பியன் ஆக்கினார். டார்பி 58 புள்ளி, துரத்தியவர்கள் 57. டார்பி தன் ஆட்டங்களை முடித்துவிட்டது, மற்றவர்கள் சறுக்க வேண்டும். வீரர்கள் டெய்லரோடு மயோர்கா தீவில், கிளஃப் குடும்பத்தோடு சில்லித் தீவுகளில். விடுமுறையில் இருந்தபடியே கோப்பை வந்தது! பின்னாளில் அவர் பரம வைரியான நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்குப் போய் இரண்டு ஐரோப்பியக் கோப்பை வென்றார். இரண்டு ஊரையும் இணைக்கும் ஏ52 சாலைக்கே அவர் பெயர்தான். இரண்டு ஊர்க்காரர்களும் ஒத்துப்போகும் விஷயம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

11 புள்ளி சாதனையை எப்படித் தாங்கினீர்கள்? (நக்கலாகத்தான் கேட்டிருக்கிறார்)

நான் வந்த வருஷம் அது. 2007–08 பிரீமியர் லீகில் டார்பி கவுன்ட்டிக்கு 38 ஆட்டம், ஒரே வெற்றி, எட்டு டிரா, 29 தோல்வி. மொத்தம் 11 புள்ளி, அந்த லீக் வரலாற்றிலேயே மிகக் குறைவு. அந்த ஒரு வெற்றி செப்டம்பரில் நியூகாசிலுக்கு எதிராக, கென்னி மில்லர் கோல். மார்ச்சிலேயே கீழ் லீகுக்கு இறங்குவது உறுதியாகிவிட்டது. அப்படியும் சராசரியாக 32,000 பேருக்கு மேல் மைதானத்துக்கு வந்தார்கள். அலுவலகத்தில் ஒருவரிடம், 'ஏன் இன்னும் போகிறீர்கள்?' என்று கேட்டேன். 'சனிக்கிழமை வேறு எங்கே போவது?' என்றார். அடுத்த வாரம் எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வந்தார். 2025-ல் சவுத்தாம்ப்டன் எங்கள் சாதனையை வாங்கிக்கொள்ளும் போலிருந்தது. 12 புள்ளியில் தப்பித்துவிட்டார்கள்.

செஸ்டர்ஃபீல்ட் அணிக்கு 'ஸ்பயரைட்ஸ்' என்று பெயர் ஏன்? (பர்மிங்ஹாம் வாசகர்)

ஊர் தேவாலயக் கோபுரம் (ஆங்கிலத்தில் ஸ்பயர்) முறுக்கிச் சாய்ந்து நிற்கும். கிட்டத்தட்ட 70 மீட்டர் உயரம், மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான சாய்வு. காயாத மரத்தில் கட்டி மேலே ஈயத் தகடு போர்த்தினால் அப்படித்தான் ஆகும். அணியின் பெரிய நாள் 1997 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. மூன்றாம் நிலை லீக் அணி, மிடில்ஸ்பரோவை 2–1 என்று முந்தியிருக்கிறது. ஜொனதன் ஹாவர்ட் அடித்த பந்து கம்பியில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. நடுவர் கோல் தரவில்லை. ஆட்டம் 3–3. மறு ஆட்டத்தில் தோல்வி. செஸ்டர்ஃபீல்டில் முடி வெட்டப் போனால் இன்றைக்கும் இதைக் கேட்காமல் வெளியே வர முடியாது.

விசித்திர விளையாட்டுகள் வேறு ஏதாவது? (கோவை வாசகர்)

பான்சால் கிராமத்தில் கோழி ஓட்டப் பந்தயம், உலகச் சாம்பியன்ஷிப் என்றே பெயர். கோழிக்கு அது தெரியாது, பாதி வழியில் மேயப் போய்விடும். ஆஷ்பர்ன் பக்கத்தில் கால் கட்டைவிரல் மல்யுத்தம். அப்புறம், பிரிட்டனில் கடலுக்கு மிகத் தூரமான இடம் இந்தக் கவுன்ட்டியில், கோட்டன் இன் தி எல்ம்ஸ் பக்கம்தான் இருக்கிறது. 2005-ல் தனியாகப் பாய்மரப் படகில் 71 நாளில் உலகைச் சுற்றிய எலன் மெக்கார்தரும் டார்பிஷர் பெண்தான்.

ஒரே ஒரு மேட்ச் பார்க்க நேரம் இருந்தால் எங்கே போவது? (ஷெஃபீல்ட் மாணவி)

மாட்லாக் டவுன் கால்பந்து அணியின் ஆட்டத்துக்கு. சின்ன மைதானம், மேலே குன்றில் ரைபர் கோட்டை. 1975-ல் சின்ன அணிகளுக்கான எஃப்.ஏ. டிராஃபியை 4–0 என்று வென்றார்கள், அந்த அணியில் ஃபெனோட்டி சகோதரர்கள் மூன்று பேர். உங்கள் ஊரிலிருந்து வரும் வழியில் டிரான்ஃபீல்டும் இருக்கிறது. 1857-ல் தொடங்கிய, உலகின் மிகப் பழைய கால்பந்து கிளப்பான ஷெஃபீல்ட் எஃப்.சி. ஆடுவது அங்கேதான், அதாவது டார்பிஷர் மண்ணில். எங்கே போனாலும் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். மைதானத்தில் சூப் கிடைத்தால் இடைவேளைக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வரிசையில் நின்றுவிடுங்கள்.