மாமரத்தில் பிள்ளைகளுக்கு மர வீடு கட்டலாமா? கிளைகள் மேலேயே சட்டம் அடிக்கலாம் என்கிறார் ஆசாரி. பிள்ளைகளுக்கு வயது 5, 9.

கட்டலாம். ஆனால் கிளைகளில் ஆணி இறக்க வேண்டாம். பாரம் முழுவதையும் தரையில் நிற்கும் நான்கு தூண்கள் தாங்கட்டும். மரம் நிழல் தந்தால் போதும். பிள்ளைகளுக்கு அதுவும் மர வீடுதான்.

காற்றடிக்கும்போது இரண்டு கிளைகள் ஒன்றுபோல ஆடுவதில்லை. இரண்டையும் ஒரே சட்டத்தில் பிணைத்தால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆணி கொஞ்சம் தளரும். ஆணிக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றிக் கட்டுவது அதைவிட மோசம். மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் இறங்கி, இலையிலிருந்து வேருக்குச் சத்து போகும் வழியையே அடைத்துவிடும். (மாமரமாவது பரவாயில்லை. முருங்கை, தென்னை பக்கத்தில் யோசிக்கவே வேண்டாம். ஒன்று சட்டென்று முறியும், மற்றது தலையில் காய் போடும்.)

8×6 அடி மேடை தாராளம். சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று கணக்குப் போட்டால் சுமார் 890 கிலோ தாங்க வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று தோன்றும். பிறந்தநாளன்று பத்துப் பேர் ஏறுவார்கள், பின்னாலேயே படம் எடுக்க மாமாவும் ஏறுவார். தூண் 4×4 அங்குலம், தேக்கு அல்லது வேங்கை. அதன் தலையில் 8 அடி நீளத்துக்கு 6×3 உத்திரம் இரண்டு, அவற்றின் மேல் 16 அங்குலத்துக்கு ஒன்றாக 4×2 சட்டம் ஏழு, அதற்கு மேல் 1 அங்குலப் பலகை. மழைநீர் வடியப் பலகைகளுக்கு நடுவே கால் அங்குலம் விடுங்கள். உத்திரம் தூணின் தலையில் உட்கார வேண்டும்; பக்கவாட்டில் போல்ட்டை நம்பித் தொங்கக் கூடாது. ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு பக்கமும் சாய்வாக ஒரு முட்டு கொடுங்கள். இதை விட்டால் எவ்வளவு கனமான மரம் போட்டாலும் மேடை ஆடும். போல்ட் 12 மி.மீ., கால்வனைஸ் செய்தது, பெரிய வாஷரோடு.

தூணை நேரே மண்ணில் புதைத்தால் கரையானுக்கு விருந்து. 2 அடி ஆழக் குழியில் 1:2:4 கான்கிரீட் (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நான்கு) போட்டு, தரைக்கு மேல் அரை அடி எழுப்பி, அதில் பதித்த இரும்புப் பட்டையில் தூணை மாட்டுங்கள். கரிசல் மண்ணுக்கு 2 அடி போதாது. உள்ளூர்க் கொத்தனார் வீட்டுக்கு எவ்வளவு தோண்டுகிறாரோ அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழியில் தடித்த வேர் வந்தால் வெட்டாமல் குழியைத் தள்ளிப் போடுங்கள்.

பலரும் கோட்டை விடும் இடம் இடைவெளி. 3.5 அங்குலத்துக்கு மேலும் 9 அங்குலத்துக்குக் கீழும் உள்ள எந்தச் சந்தும் ஆபத்து. குழந்தையின் கால் நுழையும், இடுப்பு நுழையும், உடம்பு முழுக்க வெளியே போனபின் தலை மட்டும் மாட்டிக்கொள்ளும், கழுத்தில் தொங்கிவிடும். அதனால் கைப்பிடி அடைப்பு 40 அங்குல உயரம், கம்பிகள் நெட்டுக்குத்தாக, நடுவே 3 அங்குலம். படுக்கைவாட்டில் அடித்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதுவே ஏணி. ஏணிப்படிக்குக் கணக்கு மறுபக்கம்: ஒன்றேகால் அங்குல உருளைப் படியை 11 அங்குலத்துக்கு ஒன்றாக வைத்தால் சந்து 9 அங்குலத்தைத் தாண்டிவிடும், தலை மாட்டாது. அடிமரத்துக்கும் மேடைக்கும் நடுவே 3 அங்குலம் போதும்; மரம் பருத்ததும் பலகையைச் சீவிக்கொள்ளலாம். கூரை போட்டால் கிளை நுழையும் இடத்தில் தாராளமாக விடுங்கள், மேலே ஆட்டம் அதிகம்.

உயரம் 4 அடி போதும் என்பது என் கருத்து. மேடைக்கு அடியிலும் சுற்றிலும் கொட்டும் 9 அங்குல மணல் 4 அடி விழுகைக்குத்தான் தாங்கும். 5, 6 அடிதான் வேண்டுமென்றால் சா மில்லில் கிடைக்கும் மரச் சீவலை 9 அங்குலம் நிரப்புங்கள். அது 7 அடி வரை சமாளிக்கும். சுற்றிலும் 6 அடிக்குத் துவைக்கிற கல், செங்கல், காம்பவுண்டு சுவர் எதுவும் இருக்கக் கூடாது. சீவல் மிதிபட்டு ஒதுங்கும், மாதம் ஒருமுறை வாரிச் சமப்படுத்துங்கள்.

கயிறு கட்டினால் இரண்டு முனையும் இறுகியிருக்கட்டும். தொங்கும் கயிறு கழுத்தைச் சுற்றும். துப்பட்டாவோடும் சைக்கிள் ஹெல்மெட்டோடும் ஏற விடாதீர்கள். மின்கம்பி பக்கத்தில் போனால் இடத்தையே மாற்றுங்கள்.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் தூணின் அடியையும் சட்டங்களின் முனையையும் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் அந்தத் துண்டை மாற்றும்வரை ஏணியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். அப்படியே அண்ணாந்து பட்ட கிளை, குளவிக்கூடு, இலையைச் சுருட்டிய முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.