மருந்து வந்ததால் பரிணாமம் நின்றுவிட்டதா?

கேள்வி: என் மகனுக்குப் பதினோரு வயது. எட்டாம் மாதமே பிறந்து, இன்குபேட்டரில் இருந்து பிழைத்தவன். அடிக்கடி வீசிங் வரும். இந்த வருடம் கண்ணாடியும் போட்டாகிவிட்டது. போன மாதம் ஒரு விசேஷத்தில் என் கணவரின் அண்ணன், "அந்தக் காலத்தில் இப்படிப் பிள்ளைகள் தங்காது, இயற்கையே களை எடுத்துவிடும். இப்போது மருந்து எல்லாரையும் காப்பாற்றிவிடுகிறது. அதனால்தான் மனிதனிடம் பரிணாமம் நின்றுபோய், வரவர இனமே நோஞ்சானாகிறது" என்றார். நன்றாகப் படித்தவர். அவரிடம் பதில் பேச எனக்குத் தெரியவில்லை. பையன் பக்கத்தில்தான் இருந்தான். வீட்டுக்கு வந்ததும், "பெரியப்பா சொன்னது நிஜமா?" என்று கேட்டான். என்ன சொல்வது?
ஒரு வாசகி, ஈரோடு

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நிஜமில்லை என்று பையனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். காரணங்களை அப்புறம் நிதானமாக விளக்கலாம்.

பரிணாமம் என்றால் உயிர்கள் ஏதோ ஓர் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டே போவது என்று பலர் நினைக்கிறார்கள். அவன் பெரியப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார் போலிருக்கிறது. ஏறுவது நின்றால் இறங்கத்தானே வேண்டும் என்ற பயம் அங்கிருந்துதான் வருகிறது. உயிரியலில் விஷயம் இவ்வளவுதான்: ஒரு மக்கள் கூட்டத்தில் எந்த மரபணு எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. அதில் மேல் கீழ் கிடையாது.

இந்த மாற்றத்துக்கான சரக்கு ஒருநாளும் தீர்வதில்லை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும், தாய் தகப்பன் இருவரிடமும் இல்லாத புதிய மரபணு மாற்றங்கள் சுமார் 60, 70 இருக்கின்றன. தகப்பனுக்கு வயது கூடக்கூட அந்த எண்ணிக்கையும் கொஞ்சம் கூடும். உங்கள் மகனிடமும் உண்டு, அவன் பெரியப்பாவிடமும் உண்டு. பெரும்பாலானவை நல்லதும் செய்யாது, கெடுதலும் செய்யாது. மனித ஜனத்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. பெருக்கிப் பாருங்கள், இன்று உயிரோடு இருப்பவர்களிடம் மட்டும் புதிதாக வந்த மாற்றங்கள் ஏறத்தாழ 50,000 கோடி. மனித வரலாற்றில் வேறெந்தக் காலத்திலும் இவ்வளவு இருந்ததில்லை.

மருந்தைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020-ம் ஆண்டின் கணக்கில் அது 13. இதைவிட மகிழ்ச்சியான செய்தி நம் மாநிலத்தில் வேறு உண்டா என்று தெரியவில்லை. ஆனால் இயற்கைத் தேர்வுக்குச் சாவு மட்டுமே வழி இல்லை. யாருக்கு எத்தனை பிள்ளைகள், எந்த வயதில் பிறக்கிறார்கள் என்பதும் அதே வேலையைச் செய்கிறது. கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவே இல்-ஓ-கூத்ர் என்று ஒரு சிறிய தீவு இருக்கிறது. அங்கே தேவாலயப் பதிவேடுகளில் பிறப்பும் திருமணமும் சாவும் விடாமல் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. 1799 முதல் 1940 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, பெண்கள் முதல் பிள்ளை பெறும் வயது சுமார் 26-லிருந்து 22-க்கு இறங்கியிருந்தது. அந்த இறக்கத்தில் கணிசமான பங்கு மரபணு சார்ந்தது என்று 2011-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948 முதல் பல தலைமுறை மக்களின் உடல்நிலையைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். டாக்டரும் மருந்தும் தாராளமாகக் கிடைக்கும் ஊர். அங்கேயும் இயற்கைத் தேர்வு மெதுவாக நடந்துகொண்டிருக்கும் தடயம் கிடைத்தது. பெண்களின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அளவு குறைவதையும், மாதவிடாய் நிற்கும் வயது தள்ளிப்போவதையும் நோக்கி அது லேசாகத் தள்ளுகிறது. மருந்து பரிணாமத்தை நிறுத்திவிடும் என்றால், அங்கேதான் முதலில் நின்றிருக்க வேண்டும்.

பத்தாயிரம் வருடத்துக்குள் நடந்தவற்றைச் சொல்வதானால் பட்டியல் நீளும். மாடு வளர்த்த மக்களிடம், பெரியவர்களான பிறகும் பாலைச் செரிக்கும் திறன் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் தனித்தனியாகப் பரவியது. திபெத்தியர்களின் ரத்தம், காற்று மெலிந்த உயரத்திலும் கெட்டிப்படாமல் இருக்கிறது. இந்தோனேசியக் கடலில் மூச்சை அடக்கி மீன் பிடிக்கும் பஜாவ் மக்களின் மண்ணீரல், அக்கம்பக்கத்தில் நிலத்தில் வாழ்பவர்களுடையதைவிடப் பாதியளவு பெரியது என்று 2018-ல் தெரியவந்தது.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது, உங்கள் ஊரிலிருந்து மலையேறினால் வந்துவிடும் நீலகிரியைப் பற்றி.

1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் கதிர் அரிவாள் தன்மையை அங்கே கண்டார்கள். அதுவரை அதை ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் கோளாறு என்றே மருத்துவ உலகம் பெரும்பாலும் நினைத்திருந்தது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு அது. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் அந்த மரபணு சேர்ந்து வந்தால் கொடிய நோய்: ரத்தசோகை, உயிர் போகும் வலி. இருளர், குறும்பர், பணியர் குடும்பங்கள் பல இன்றும் இதை அனுபவிக்கின்றன. சரி, இவ்வளவு கெடுதலான மரபணு ஏன் ஒழியாமல் இருந்தது? 1954-ல் அந்தோணி அலிசன் என்ற ஆய்வாளர் கிழக்கு ஆப்பிரிக்காவில் விடை கண்டார். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்றவர்களைக் கடுமையான மலேரியா எளிதில் கொல்வதில்லை. மலேரியா நிறைந்த காட்டுப் பகுதிகளில் அது ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. மலேரியா இல்லாத ஊரில் அதே மரபணு வெறும் சுமை.

இப்போது சொல்லுங்கள், அது களையா, பயிரா? களை எடுப்பவனுக்கு எது பயிர் என்று முன்கூட்டியே தெரியும். இயற்கைக்கு அப்படி எதுவும் தெரியாது. எந்த இடம், எந்த நோய், என்ன சாப்பாடு என்பதைப் பொறுத்து ஒரே மரபணு உயிரைக் காக்கவும் செய்கிறது, எடுக்கவும் செய்கிறது. தடுப்பூசியும் இன்குபேட்டரும் இன்ஹேலரும் இன்றைக்கு நாம் வாழும் இடத்தின் பகுதிகள்தான், தண்ணீரும் காற்றும் போல. அவற்றோடு சேர்த்தே இனிப் பரிணாமம் நடக்கும்.

பலவீனமானவர்களைப் பார்த்துக்கொள்வது நவீன மருத்துவம் கொண்டுவந்த பழக்கமும் இல்லை. ஈராக்கில் குர்து மக்கள் வாழும் மலைப் பகுதியில் ஷானிதார் என்ற குகை இருக்கிறது. 1957-ல் ரால்ஃப் சொலெக்கி என்ற தொல்லியலாளரின் குழு அங்கே ஒரு நியாண்டர்தால் மனிதனின் (நமக்கு நெருங்கிய, அழிந்துபோன ஒரு பழைய மனித இனம்) எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தது. ஒரு கண்ணில் பார்வை இல்லாமல் இருந்திருக்கலாம், காது சரியாகக் கேட்டிருக்காது, வலது கை சூம்பிப்போய் முன்கை இல்லாமலே இருந்தது, காலும் ஊனம். அத்தனையும் இருந்தும் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறான். சுமார் ஐம்பதாயிரம் வருடங்களுக்கு முன்னால், கொடிய விலங்குகள் நடமாடிய காலத்தில், யாரோ அவனுக்குச் சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள், கூடவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கதையை உங்கள் பையனுக்கு விவரமாகச் சொல்லுங்கள். பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு எலும்புக்கூடு என்றால் கண் விரியும். மனித இனம் இவ்வளவு தூரம் வந்ததே இப்படி ஒருவரை ஒருவர் காப்பாற்றித்தான் என்பதும் அவனுக்குப் புரியும்.

'இயற்கை களை எடுக்கட்டும்' என்ற பேச்சு எனக்கு உண்மையிலேயே கோபத்தை வரவழைக்கிறது. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன் 1883-ல் அதற்கு யூஜெனிக்ஸ் என்று பெயரே வைத்தார். 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அவளும் அவள் தாயும் அவள் கைக்குழந்தையும் மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தியதுதான் காரணம். அந்தக் குழந்தை பின்னாளில் பள்ளியில் நல்ல மாணவர்கள் பட்டியலில் இடம் பிடித்தாள். அமெரிக்காவில் 60,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படிச் செய்தார்கள். ஜெர்மனியில் 1933-ல் நாஜிகள் கொண்டுவந்த சட்டத்தால் சுமார் 4 லட்சம் பேர். அப்புறம் அங்கே ஊனமுற்ற குழந்தைகளைக் கொல்லவே தொடங்கினார்கள். பெரியப்பா அவ்வளவு தூரம் யோசித்துப் பேசியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். ஆனாலும் பிள்ளை காதுபட இனி இப்படிப் பேச வேண்டாம் என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். நீங்கள் போய்ப் பேச வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும். தம்பி தனியாக அழைத்து, மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொன்னால் அண்ணன் கேட்பார்.

கடைசியாக, குறைப்பிரசவமும் வீசிங்கும் கண்ணாடியும். 'இனம் நோஞ்சானாகிறது' என்பதற்கு இவற்றைச் சாட்சியாகக் காட்டுவது தவறு. குறைமாதப் பிரசவத்துக்குத் தாயின் ரத்த அழுத்தம், தொற்று, இரட்டைக் கரு போன்றவை காரணமாக இருக்கலாம். பல சமயம் காரணமே தெரிவதில்லை. எதுவானாலும் அதற்காக உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். கண்ணாடி போடும் பிள்ளைகள் இன்று உலகமெங்கும் பெருகிவிட்டார்கள், கிழக்காசிய நகரங்களில் பள்ளிப் படிப்பை முடிப்பவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்குக் கிட்டப்பார்வை. ஒன்றிரண்டு தலைமுறைக்குள் மரபணு அவ்வளவு வேகமாக மாறாது. புத்தகத்தையும் திரையையும் பக்கத்தில் வைத்தே பார்ப்பதும், வெயில் வெளிச்சத்தில் விளையாடாததும்தான் காரணங்களில் முக்கியமானவை. தைவானில் இதற்காகவே பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வகுப்பறைக்கு வெளியே இருக்கச் செய்யும் திட்டம் வைத்தார்கள், பலனும் கிடைத்தது.

உங்கள் மகனையும் மாலையில் தெருவிலோ மைதானத்திலோ விளையாட விடுங்கள். வீசிங் இருக்கிறதே என்று வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள். டாக்டர் சொன்னபடி இன்ஹேலரைப் பயன்படுத்தினால் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாக ஓடியாடலாம். கண் டாக்டரிடம் போகும்போது, குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருந்தவன் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அப்படிப் பிறந்த பிள்ளைகளுக்குப் பவரை மட்டும் பார்த்துவிட்டு விடக் கூடாது, விழித்திரையையும் பார்க்க வேண்டும். வருடம் ஒருமுறை காட்டுங்கள்.