மீதி 91 சதவீதம்

அன்புள்ள ஐயா,

நான் மட்டக்களப்பில் பிறந்தவள். 30 வருடமாக மெல்பனில் இருக்கிறேன். அப்பா பறங்கியர், ஐரோப்பியக் கலப்பு வம்சம். அம்மா தமிழ். அப்பா மாவட்ட நிர்வாகம் நடக்கும் கச்சேரிக் கந்தோரில் வேலை பார்த்தவர். அப்பம்மா வீட்டில் பறங்கிப் பாஷைதான் பேசுவார். போன வருடம் அப்பா காலமானபின் அவருடைய மேசை லாச்சியில் தட்டச்சு செய்த வம்சப் பட்டியல் ஒன்று கிடைத்தது. அதில் முதல் பெயர், 1750களில் ஒல்லாந்துக் (டச்சு) கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் மிடில்பர்க்கிலிருந்து வந்த ஒரு சிப்பாய். இணையத்தில் தேடியதில் நெதர்லாந்தின் சீலாந்து மாகாணத்தில் அதே வம்சம் என்று சொல்லும் ஒரு வயதான தம்பதி அகப்பட்டார்கள். மே மாதம் அவர்களைப் பார்க்கப் போகிறோம். மரபணுச் சோதனையும் செய்தேன். 9 சதவீதம் வடமேற்கு ஐரோப்பா. மீதி எங்களுக்குத் தெரிந்ததுதானே.

அவர்களிடம் என்ன கேட்கலாம்? என்ன கொண்டுபோகலாம்? வெள்ளைத்தோல் ஆசை என்று மகன் கிண்டல் செய்கிறான். என்னோடு இருக்கும் 81 வயது அம்மாவைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுப் போகவும் யோசனையாக இருக்கிறது. உங்கள் கருத்தை எழுதுவீர்களா?

எம்.

*

அன்புள்ள எம்.,

தேயிலை கொண்டுபோங்கள். நல்ல இலங்கைத் தேயிலை இரண்டு பாக்கெட் போதும். மூன்று மணிக்கு வரச் சொன்னால் மூன்று மணிக்கே போய்விடுங்கள். காப்பியோடு ஒரு பிஸ்கட் வரும். ஒன்றுதான் வரும், அதற்காக மனம் வருந்த வேண்டாம். உங்கள் மகனுக்கு இருபது வயது ஆகவில்லை என்றால் அவன் கிண்டலை விட்டுவிடுங்கள். ஆகியிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் முதலில் நின்றது இரண்டு சொற்களில். கந்தோர், லாச்சி. அலுவலகம், இழுப்பறை. இரண்டுமே ஒல்லாந்துச் சொற்கள். அவர்கள் ஊரில் கந்தோர் 'கான்டோர்', லாச்சி 'லாட்யே'. மட்டக்களப்புக் கச்சேரி இருந்ததும் 1638இல் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்த கோட்டைக்குள். உங்கள் அப்பா ஒல்லாந்தர் கோட்டைக்குள் ஒல்லாந்துச் சொல்லால் ஆன இடத்துக்கு தினமும் சைக்கிளில் போய் வந்திருக்கிறார். சைக்கிள் என் கற்பனை. எங்கள் பக்கத்தில் அவர்கள் விட்டுப்போனது துட்டும் கக்கூஸும். நாகப்பட்டினத்துக்காரன் நான், எங்களுக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

சரி, அந்தச் சிப்பாய். மிடில்பர்க் அவன் பிறந்த ஊரா, கப்பல் ஏறிய ஊரா? பட்டியலை மறுபடி பாருங்கள். கம்பெனி இருந்த 200 வருடத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் அதன் கப்பல்களில் கிழக்கே வந்தார்கள். அவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் வெளிநாட்டார், ஜெர்மானியர்களே அதிகம். சோற்றுக்கு வழியில்லாமல் துறைமுகத்துக்கு வந்தவனுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கடனாகக் கொடுத்து, அவனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டு, அவன் சம்பளத்தின் மேல் கடன் சீட்டு வாங்கிக்கொள்ளும் ஆட்கள் இருந்தார்கள். 'ஆன்மா விற்பவர்கள்' என்று ஊர் அவர்களைக் கூப்பிட்டது. சிப்பாயின் சம்பளம் மாதம் 9 கில்டர். அதில் முதலில் அந்தக் கடன் போகும்.

இதெல்லாம் கப்பல் வாரியான சம்பளப் பேரேடுகளில் இருக்கிறது. பேரேடுகள் தி ஹேக் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் தேடலாம். பெயர், சொந்த ஊர், கப்பல், வேலையை விட்டானா, செத்தானா, ஓடிப்போனானா எல்லாம் உண்டு. மிடில்பர்க்கிலேயே தேடலாம் என்று நினைத்திருந்தால் சிரமம். 1940 மே மாதம் அந்த நகரம் எரிந்தபோது நகர ஆவணங்களில் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. பேரேட்டில் இன்னொன்றையும் பாருங்கள். மாதச் சீட்டு என்று ஒன்று உண்டு. சம்பளத்தில் ஒரு பகுதியை ஊரில் இருக்கும் மனைவிக்கோ பெற்றோருக்கோ கொடுக்கச் சொல்லி எழுதி வைப்பது. உங்கள் ஆள் அதை மனைவிக்கு எழுதி வைத்திருந்தால் மே மாதத்து காப்பி கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

அப்புறம், கல்லறை தேடிப் போகாதீர்கள். இதை நான் ஒருவரிடமிருந்து தெரிந்துகொண்டேன். முப்பது வருடத்துக்கு முன்னால் நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டதால் ஒரு ஒல்லாந்துக் கிழவரோடு பழவேற்காட்டுக்குப் போனேன். அவருடைய மூதாதை ஒருவர் அங்கே கம்பெனி வணிகராக இருந்தாராம். 1613இல் கோட்டை கட்டி, 1690இல் தலைமையிடத்தை எங்கள் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் பழவேற்காடுதான் அவர்களுக்குத் தலைநகர். துணி ஏற்றினார்கள். பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கில் நம் மனிதர்களையும் அடிமைகளாக பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றினார்கள். கிழவருக்கு அது தெரிந்திருந்தது. பாதி வழியில் காரை நிறுத்தச் சொல்லி அவரே அதைச் சொன்னார்.

கல்லறைத் தோட்டத்து வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே பெரிய பெரிய பலகைக் கற்கள். எழுத்துகள் புடைப்பாக இருப்பதால் விரலால் தடவியே படிக்கலாம். அவர் முட்டி போட்டு ஒவ்வொரு கல்லாகத் தடவிக்கொண்டு போனார். தேடிய பெயர் இல்லை. நான் ஆறுதலாக எதையோ கேட்க வேண்டுமே என்று, உங்கள் அப்பாவின் கல்லறை எந்த ஊரில் என்று கேட்டேன். இல்லை என்றார். அவர்கள் ஊரில் கல்லறை குத்தகைக்குத்தான். பத்து வருடம், இருபது வருடம். புதுப்பிக்காவிட்டால் எலும்பை எடுத்துவிட்டு இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். "நாங்கள் அண்ணன் தம்பிகள் யார் கட்டுவது என்று பேசிக்கொண்டே இருந்தோம், தேதி போய்விட்டது" என்றார். சொல்லிவிட்டு யாரோ ஒருவருடைய கல்லில் ஒட்டியிருந்த வேப்பிலையைத் தட்டிவிட்டார்.

வெளியே வந்தபோது வீட்டுத் திண்ணையில் ஓலைக்கூடை பின்னிக்கொண்டிருந்த பெண் யாரைத் தேடுகிறார் என்று கேட்டார். ஏழெட்டுத் தலைமுறைக்கு முந்திய பாட்டனாரை என்றேன். பின்னுவதை நிறுத்தாமல், "பாட்டன் சரி, பாட்டி யாராம்?" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். கிழவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பார்த்தார். மரியா என்று மட்டும் இருந்தது. தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை.

இப்போது உங்களைத் திட்ட வேண்டும் அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள். "மீதி எங்களுக்குத் தெரிந்ததுதானே" என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்ன தெரியும்? 9 சதவீதத்துக்கு ஊர் தெரியும், கப்பல் தெரியும். 91 சதவீதத்தில் ஒரு பெண்ணின் பெயரையாவது நான்கு தலைமுறைக்கு மேலே சொல்ல முடியுமா? உங்கள் அம்மம்மாவின் அம்மா பெயர் என்ன? சொல்லுங்கள். அதைத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். நீங்கள் அவரைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு 16,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கப் போகிறீர்கள், ஒருவேளை ஜெர்மானியனாக இருக்கக்கூடிய ஒருவனுடைய வேருக்காக!

உங்கள் அப்பம்மா பேசிய பறங்கிப் பாஷை ஒல்லாந்து மொழி இல்லை. அது போர்த்துக்கீசக் கலப்பு மொழி. மட்டக்களப்பில் இன்னும் கொஞ்சம் பேர் பேசுகிறார்கள். ஒல்லாந்துச் சிப்பாயின் வீட்டுக்குள் அந்த மொழி எப்படி வந்தது? அவன் கட்டிக்கொண்டவள் கொண்டுவந்தது. ஒல்லாந்துப் பெண்கள் இங்கே வந்தது மிகக் குறைவு. வந்த ஆண்கள் கலப்புப் போர்த்துக்கீசக் குடும்பங்களிலும் உள்ளூர்க் குடும்பங்களிலும்தான் பெண் எடுத்தார்கள். பிள்ளைகள் அம்மா பேசியதைப் பேசினார்கள். எஜமானர்கள் 1796இல் ஆங்கிலேயரிடம் தீவைக் கொடுத்துவிட்டுப் போனார்கள், அவர்கள் மொழி வீடுகளிலிருந்து போய்விட்டது, அவள் மொழி உங்கள் அப்பம்மா வாய்வரைக்கும் வந்திருக்கிறது. அவளுக்கு உங்கள் பட்டியலில் எத்தனை வரி? அரை வரி இருந்தால் ஆச்சரியம். 1908இல் கொழும்பில் ஆரம்பித்த ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் உறுப்பினராவதற்குத் தகப்பன் வழியைத்தான் கேட்டது. அப்படி எழுதப்பட்ட வம்சாவளிகளைப் பார்த்துத்தான் ஊரெல்லாம் தட்டச்சு செய்து லாச்சியில் வைத்தார்கள். நம் ஆட்களும் கோத்திரம், குலம், பங்காளி என்று செய்வது வேறென்ன? பெண் இந்தக் குடும்பத்துக்கு வந்தாள், அங்கே இன்னொரு குடும்பத்துக்குப் போனாள், முடிந்தது கதை.

இந்தக் கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. போன மாதம் ஒரு வளைகாப்பில் 84 வயது சித்தியிடம், அம்மாச்சியோட அம்மா பேர் என்ன என்று கேட்டேன். சித்தி அந்த அம்மாளின் மடியில் வளர்ந்தவர். வெற்றிலை இடிக்கும் சத்தம், காது பாம்படம், இடது கையில் தீக்காயம் எல்லாம் சொன்னார். பெயர் வரவில்லை. "பெரியாச்சின்னுதான்டா கூப்பிடுவோம். பேரை யாரு கேட்டா?" என்றார். அப்புறம் அன்றைக்கு முழுக்க சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

போய் வாருங்கள், போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தம்பதியிடம் என்ன கேட்பது என்று கேட்டீர்கள். அவர்கள் பட்டியலில் பெண்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அதற்கு முன்னால் இன்று ராத்திரி அம்மாவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு கொப்பி பேனாவோடு உட்காருங்கள். ஊருக்குத் திரும்பியதும் எழுதுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது சித்தியிடமிருந்து போன். பெயர் ஞாபகம் வந்துவிட்டதாம், அஞ்சம்மாள். பக்கத்தில் இருந்த மாமா போனைப் பிடுங்கி, அது அவங்க தங்கச்சி பேர், இவங்க நாகம்மாள் என்கிறார். காலையிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.