பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை

கேள்வி: அப்பா வாங்கிப்போட்ட மனையை விற்கிறோம். பேசி முடித்த விலை 24 லட்சம். வாங்குகிறவர் நம்ம சபைக்காரர்தான். அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்புப்படி 11 லட்சத்துக்குப் பத்திரம் போட்டுக்கொள்வோம், மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். ஊர் உலகமே இப்படித்தான் செய்கிறது, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. என்ன செய்ய?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அவர் சொல்கிறார், அவர் கேட்கிறார் என்றே எழுதியிருக்கிறீர்கள், உங்கள் பங்கைப் பற்றி ஒரு வரி இல்லையே! 13 லட்சத்தை மறைத்தால் அவருக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தில் 1,17,000 ரூபாய் மிச்சம். உங்களுக்கு, விற்ற லாபத்தின்மேல் வரும் மூலதன ஆதாய வரியில், 12.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,62,500 மிச்சம். அவரைவிட உங்களுக்குத்தான் லாபம் கூட.

மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது, அதுவும் பணத்தை வாங்குகிற உங்கள்மேல். ஆனால் மாட்டிக்கொள்ளும் பயத்தில் நீங்கள் எழுதியதாகத் தெரியவில்லை, அதனால் அதை விடுங்கள்.

நானும் இதைச் செய்தவன்தான். 2003-ல் வீடு வாங்கியபோது, பதிவு அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, மஞ்சள் பையிலிருந்து கட்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எண்ணுவதற்கு முன்னால் நானும் விற்றவருமாக ஜெபம் வேறு பண்ணினோம், இந்தக் காரியத்தை வாய்க்கப்பண்ணும் ஆண்டவரே என்று. ஆமென் சொல்லிவிட்டு ரப்பர் பேண்டைக் கழற்றினேன். இன்றைக்கும் அந்தப் பத்திரத்தைப் பீரோவிலிருந்து எடுக்கிறபோது, தொகை இருக்கிற பக்கத்தைப் படிக்காமல் திருப்பிவிடுகிறேன்.

லூக்கா 19-ல் வரும் சகேயுவைப் பாருங்கள். எரிகோவில் வரி வசூலித்த ஆயக்காரரின் தலைவன். இயேசு வீட்டுக்கு வந்ததும் அவன் அழுதான் என்று அங்கே எழுதியிருக்கவில்லை, கணக்குச் சொன்னான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலு மடங்கு. நீங்களும் சபைக்காரரிடம் கணக்காகவே பேசுங்கள். முழுத் தொகைக்கும் பத்திரம் போடுவோம், அதனால் கூடுகிற பத்திரச் செலவில் பாதி என்னுடையது என்று சொல்லிப் பாருங்கள். வரியும் அந்தப் பாதியுமாக உங்களுக்கு 2,21,000 ரூபாய் போகும். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான், ஆறு மாசம் இழுக்கலாம், விலையும் இறங்கலாம். விற்ற பணத்தில் வீடு வாங்கும் எண்ணமிருந்தால் வரிவிலக்குக்கு நேர்வழியே இருக்கிறது, ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி: சண்டே ஸ்கூலில், யோசுவா சூரியனை நிறுத்திய நாளை நாசா கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது உண்மையில்லை என்று பாஸ்டரிடம் சொன்னேன். "பிள்ளைகளுக்கு விசுவாசம் வளருதே, விடுங்கம்மா" என்றார்.
– ஒரு ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: வாட்ஸ்அப் வருவதற்கு வெகுகாலம் முன்பே பிரசங்கங்களில் உலாவிய கதை இது. காலக்கணக்கில் காணாமல்போனது யோசுவா நாளில் 23 மணி 20 நிமிடம், எசேக்கியா ராஜாவுக்காக நிழல் பத்துப் பாகை பின்னிட்டதில் 40 நிமிடம், கூட்டினால் சரியாக ஒரு நாள் என்று மணிக்கணக்கோடு வரும். 1890-ல் டாட்டன் என்ற அமெரிக்கர் இதைப் புத்தகமாக எழுதியபோது கம்ப்யூட்டரே கிடையாது. 1960-களில் ஹாரால்ட் ஹில் என்பவர் அதில் நாசாவைச் சேர்த்துவிட்டார், நாசா மறுத்தும் கதை நிற்கவில்லை. கொஞ்சம் யோசித்தாலே தெரியும்: கோள்களின் இருப்பிடத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம், ஆனால் நடுவில் ஒரு நாள் காணோம் என்று சொல்ல, அதற்கும் முன்னால் யாராவது வானத்தைப் பார்த்துக் குறித்துவைத்த கணக்கு ஒன்று வேண்டும். எதோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்களாம்?

பாஸ்டர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைப் போனில் தேடிப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். அப்புறம் அவன் சந்தேகப்படப்போவது நாசாவை அல்ல, உங்களை. தேவனுக்காகப் பொய் பேசுவீர்களா என்று யோபு தன் சிநேகிதரைக் கேட்கிறான், 13-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனம். அடுத்த வாரம் அதையே பாடமாக எடுங்கள், பாஸ்டர் என்ன சொல்ல முடியும்?

கேள்வி: நாங்கள் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறோம். சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர் என்று இருக்கிறது. மகன் இந்த வருஷம் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறான். இது பொய்ச்சாட்சி என்று சபையில் ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நாங்கள் பொய்யர்களா ஐயா?
– ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அம்மா, இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் உங்கள் நிலைமையில் நான் இருந்ததில்லை. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்தால் சாதி போய்விடும் என்பது சட்டத்தின் நினைப்பு. போகவில்லை என்பது, கல்லறைத் தோட்டத்தைக்கூடத் தனித்தனியாக வைத்திருக்கிற நம் ஊர்ச் சபைகளுக்கு நன்றாகவே தெரியும்.

அதற்காக அந்தத் தாளில் இருப்பது உண்மை என்று நான் சொல்ல மாட்டேன். புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், விசுவாசம் ஒன்றும் சான்றிதழ் ஒன்றுமாக இருப்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, கடுமையான வார்த்தைதான். நீங்கள் ஞானஸ்நானம் எடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை, சட்டத்தில் அது பெரிய வித்தியாசம், ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுவதென்றால் என்ன போகும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள், அதாவது 18 சதவீத ஒதுக்கீடு போய் 26.5 சதவீதத்தில் பெரிய கூட்டத்தோடு போட்டி போட வேண்டும். ஆனால் கல்வி உதவித்தொகையை மாநில அரசு கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் தருகிறது, இது பல பேருக்குத் தெரியாது, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். இத்தனையையும் மகனை உட்கார வைத்துச் சொல்லுங்கள், இழப்பு அவனுடையது, அவன் இல்லாமல் முடிவெடுக்காதீர்கள்.

அந்தப் பெரியவர் மறுபடி வாயைத் திறந்தால், கடைசியாக வாங்கின மனைக்குப் பத்திரத்தில் என்ன தொகை போட்டார் என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.