இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒன்றாகும்போது மாணவர் சங்கங்களை எப்படி இணைப்பது? தம்பெரே நகரில் நான் கண்டது

உங்கள் பல்கலைக்கழகத்தை அதே ஊரிலுள்ள பெரிய பல்கலைக்கழகத்தோடு இணைக்கப் போகிறார்கள் என்றும், சிறிய பக்கத்து மாணவர் சங்கத்தில் பொறுப்பிலிருக்கும் நீங்கள் இந்த இணைப்பை எப்படிக் கையாள வேண்டும், பெரிய சங்கம் உங்களை விழுங்கிவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏறத்தாழ இதே நிலையில், இதே சிறிய பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன். 2017 இலையுதிர்காலத்தில் பின்லாந்தின் தம்பெரே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்குச் சேர்ந்தேன். நான் பட்டம் பெறுவதற்குள், 2019 ஜனவரி 1 அன்று, அந்தப் பல்கலைக்கழகமும் நகரின் மையத்திலிருந்த தம்பெரே பல்கலைக்கழகமும் ஒன்றாகிப் புதிய தம்பெரே பல்கலைக்கழகம் ஆயின. எங்கள் சங்கமான டி.டி.ஒய்.ஒய்.யும் அவர்களின் சங்கமான தாமியும் மறைந்து, ட்ரேய் என்ற ஒரே மாணவர் சங்கம் அன்றே தோன்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சட்டம் எதை ஒன்றாக்கச் சொல்கிறதோ அதைத் தயக்கமின்றி முழுமையாக ஒன்றாக்குங்கள், மாணவர்கள் அன்றாடம் புழங்கும் மன்றங்களையும் வழக்கங்களையும் இணைக்க முயலவே வேண்டாம்.

இந்த வேறுபாடு புரிவதற்கு அங்கே மாணவர் சங்கம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்லாந்தில் மாணவர் சங்கம் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி தன்னாட்சி பெற்ற ஓர் அமைப்பு. இளநிலை, முதுநிலை மாணவர்கள் அனைவரும் அதில் கட்டாய உறுப்பினர்கள். அவர்கள் கட்டும் கட்டணத்தில் அது இயங்குகிறது. மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் அவையும், அந்த அவை நியமிக்கும் நிர்வாகக் குழுவும் அதன் அதிகாரத்தைச் செலுத்துகின்றன. பல்கலைக்கழகத்தின் நிர்வாக அமைப்புகளுக்கு மாணவர் பிரதிநிதிகளை அனுப்புவதும் சங்கத்தின் சட்டப்படியான கடமை. ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு சங்கம்தான் என்பதால், பல்கலைக்கழகங்கள் ஒன்றானால் சங்கங்களும் ஒன்றாகியே தீர வேண்டும். சொத்து, கடன், ஊழியர், ஒப்பந்தம் எல்லாம் புதிய சங்கத்தின் தலையில் வந்து சேரும். இதில் பேரத்துக்கு இடமில்லை. இரண்டு கட்டணங்கள் ஒன்றாக வேண்டும், இரண்டு கணக்குப் புத்தகங்கள் ஒன்றாக வேண்டும், இரண்டு செயலகங்களின் ஊழியர்களுக்கு ஒரே ஊதிய முறை வேண்டும். உழைப்பு மிகுந்த வேலைதான் என்றாலும், நல்ல கணக்காளரும் நல்ல வழக்கறிஞரும் இருந்தால் இது ஓராண்டில் முடியும்.

கடினமான பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் வளாகம் ஹெர்வந்தா என்ற புறநகரில், மையத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. 1965இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கிளையாகத் தொடங்கி 1972இல் தனித்து நின்ற நிறுவனம் அது. மைய வளாகத்துப் பல்கலைக்கழகமோ 1925இல் ஹெல்சிங்கியில் குடிமக்கள் கல்லூரியாகத் தொடங்கி 1960இல் தம்பெரேக்குக் குடிபெயர்ந்தது. சமூக அறிவியலும் இதழியலும் அங்கே வேரூன்றியவை. அங்கே பிரதிநிதிகள் அவைத் தேர்தலில் கட்சிச் சார்புள்ள மாணவர் குழுக்கள் வெளிப்படையாகப் போட்டியிடுவது இயல்பு. எங்கள் பக்கத்தில் கட்சிப் பெயரை உச்சரிப்பதே அரிது. கில்டு எனப்படும் துறை மன்றங்களை ஒட்டியே வேட்பாளர் பட்டியல்கள் அமையும். மின்பொறியியல் மாணவர் தம் மன்றத்தாருக்கும் இயந்திரப் பொறியியல் மாணவர் தம் மன்றத்தாருக்கும் வாக்களிப்பார்கள். இந்த இரண்டு பழக்கங்களும் ஒரே அவையில் உட்காரப்போகின்றன என்ற செய்திதான் ஹெர்வந்தாவில் கட்டணத்தைவிடவும் கட்டடத்தைவிடவும் அதிகமாகப் பேசப்பட்டது.

பின்லாந்தில் தொழில்நுட்ப மாணவர்களைத் தேக்கரி என்பார்கள். குஞ்சம் தொங்கும் வெள்ளைத் தொப்பி அவர்களின் அடையாளம். முதலாண்டு மாணவருக்கு அது சும்மா கிடைத்துவிடாது. ஆண்டு முழுவதும் மன்றப் பணிகளில் பங்கெடுத்து, வாப்பு என்னும் மே நாள் கொண்டாட்டத்தின்போதுதான் அதை அணியும் உரிமை பெறுகிறார். அப்போது நகரின் நடுவே ஓடும் தம்மெர்கோஸ்கி ஆற்றில் முதலாண்டு மாணவர்களைக் கூண்டில் ஏற்றிப் பாரந்தூக்கியால் நீரில் முக்கி எடுப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். மொழி தெரியாமல், இருட்டும் பனியுமான முதல் நவம்பரைக் கடக்க முடியாமல் தவித்த எனக்கு, மன்றத்து அறையில் காபி ஊற்றித் தந்து பக்கத்தில் உட்காரவைத்தவர்கள் இந்த வழக்கத்தைச் சுமந்தவர்கள்தாம். ஆகவே, "இணைப்புக்குப் பிறகு தொப்பி என்னவாகும்?" என்று ஒரு கூட்டத்தில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் எழுந்து கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நல்ல வேளையாக அதற்குக் கிடைத்த விடை தெளிவாக இருந்தது. துறை மன்றங்கள் தனித்தனியே பதிவு செய்யப்பட்ட சங்கங்கள்; மாணவர் சங்கம் மறைந்தாலும் அவை மறைவதில்லை. அவற்றின் பெயர், அறை, நிதி, விழா எதையும் தொடாமல் விட்டு, தேக்கரி வழக்கங்களைப் பேணும் பொறுப்பைப் புதிய சங்கத்துக்குள்ளேயே ஒரு தனிப் பிரிவிடம் ஒப்படைத்தார்கள். நீங்களும் இணைப்பு ஒப்பந்தத்தில் எழுத்து வடிவில் கேட்டுப் பெற வேண்டியது இதைத்தான். மன்றங்களுக்கு எவ்வளவு நிதியுதவி, எந்த அளவுகோலில், எத்தனை ஆண்டுகளுக்கு மாறாமல் கிடைக்கும் என்பதை எண்களாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் மரபு மதிக்கப்படும்" என்ற வாசகத்தோடு திருப்தியடைந்து திரும்பிவிடாதீர்கள். இரண்டு வளாகங்களிலும் அலுவலகம் திறந்திருக்கும் என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஹெர்வந்தாவுக்கு டிராம் ஓடத் தொடங்கியது 2021 ஆகஸ்டில்தான். அதுவரை ஒரு கையெழுத்துக்காக மையம்வரை பேருந்தில் போய்வருவதென்றால் ஒரு வகுப்பை இழக்க வேண்டும்.

சொத்து விஷயத்தில் தம்பெரேக்கு ஒரு வசதி இருந்தது. அங்கே மாணவர் குடியிருப்புகளின் பெரும்பகுதி தோவாஸ் என்ற தனி அறக்கட்டளையிடம் இருப்பதால், சங்கங்கள் இணையும்போது வீடுகள் யாருக்கு என்ற கேள்வி எழவில்லை. 2010 ஜனவரி 1 அன்று ஹெல்சிங்கிப் பகுதியில் தொழில்நுட்பம், வணிகம், கலை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் ஆல்தோ பல்கலைக்கழகமாக ஒன்றானபோது நிலைமை வேறு. தொழில்நுட்ப மாணவர் சங்கத்தின் வேர் 1872 வரை நீள்கிறது. ஓதானியெமியில் அது தானே கட்டிய மாணவர் குடியிருப்பில்தான் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின்போது சோவியத் அணியும் கிழக்கு ஐரோப்பிய அணிகளும் தங்கின. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அந்தச் சொத்தைப் பிறரோடு பகிர்வது எளிதான காரியமா? உங்கள் சங்கத்துக்கு நிலமோ கட்டடமோ முதலீடோ இருந்தால், இணைப்புத் தேதிக்கு வெகு முன்பே அதைத் தனி மதிப்பீட்டாளரைக் கொண்டு மதிப்பிட்டு, இரு தரப்பாரும் படிக்கும்படி வெளியிட்டுவிடுங்கள். கடைசி மாதத்தில் சொத்தை அவசரமாக வேறு பெயருக்கு மாற்றும் யோசனையை யாராவது முன்வைப்பார்கள், அதைக் கேட்காதீர்கள். அது பின்னர் ஒன்றாக வேலை செய்ய வேண்டியவர்களிடையே ஆறாத கசப்பை விட்டுச்செல்லும்.

விழுங்கிவிடுவார்களா என்ற உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். தலைகளை எண்ணினால் நாங்கள் சிறுபான்மை. ஆனால் தேர்தல் விகிதாசார முறையில் நடப்பதால் ஒவ்வொரு பட்டியலும் பெற்ற வாக்குக்கேற்ப இடம் பெறும். ஒன்றுபட்டு வாக்களிக்கும் வளாகத்துக்கு அதில் உரிய இடம் கிடைத்தே தீரும். ஒதுக்கீட்டு இடம் கேட்பதைவிட விகிதாசாரத் தேர்தலை உறுதிசெய்துகொள்வதே மேல் என்பது என் எண்ணம். ஒதுக்கீடு முதல் சில ஆண்டுகளுக்கு ஆறுதல் தரும். அதற்குப் பிறகு "அவர்கள்", "நாங்கள்" என்ற பிரிவை அதுவே வளர்க்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, புதிய அவையின் தேர்தலைப் பல்கலைக்கழகங்கள் இணையும் நாளுக்கு முன்பே நடத்திவிடுங்கள். புதிய தம்பெரே பல்கலைக்கழகம் அறக்கட்டளை வடிவில் அமைந்தது. சட்டப்படி அதன் ஆட்சிக்குழுவில் ஏழு பேர்தாம், அதில் மாணவருக்கென்று உறுதியான இடம் கிடையாது. மாணவரின் குரல் முறைப்படி ஒலிப்பது பேராசிரியர், பிற ஊழியர், மாணவர் ஆகிய முத்தரப்பும் அமரும் கல்வி அவையில்தான். அதற்கு ஆளனுப்ப வேண்டியது மாணவர் சங்கம். பல்கலைக்கழக விதிகள் எழுதப்படும் மாதங்களில் பழைய சங்கங்கள் மூட்டை கட்டிக்கொண்டும் புதிய சங்கம் இன்னும் நாற்காலி தேடிக்கொண்டும் இருந்தால், மாணவரைக் கேட்காமலே எல்லாம் எழுதி முடிக்கப்பட்டுவிடும்.

வெளிநாட்டு மாணவனாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் உறுப்பினனாக இருந்த ஒரு மன்றத்தில் இணைப்பைப் பற்றிய குறிப்புகள் பின்னிஷ் மொழியில் மட்டுமே வந்தன. மொழிபெயர்த்துத் தரும்படி கேட்டபோது, முடிவான பிறகு ஆங்கிலத்தில் அனுப்புவதாகச் சொன்னார்கள். முடிவான பிறகு படிப்பதற்கு அதில் எனக்கு என்ன இருக்கிறது? கட்டணம் கட்டும் எல்லோருக்கும் புரியும் மொழியில் வரைவுகளையே அனுப்புங்கள்.

உங்கள் ஊரில் இந்த இணைப்பில் சேராத தொழிற்கல்லூரி ஏதேனும் இருந்தால் அதையும் இப்போதே நினைவில் கொள்ளுங்கள். தம்பெரேயில் செயல்முறை அறிவியல் பல்கலைக்கழகம் புதிய பல்கலைக்கழகத்தின் உடைமையாயிற்று. ஆனால் அதன் மாணவர் அமைப்பான தாம்கோ வேறொரு சட்டத்தின்கீழ் வருவது, அதில் உறுப்பினராவது விருப்பத்தைப் பொறுத்தது, எனவே அது தனியாகவே தொடர்ந்தது. ஒரே உணவகத்தில் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்கும் மாணவர்களுக்கு இரண்டு சங்கங்கள். அவர்களோடு எந்தெந்த வேலைகளைச் சேர்ந்து செய்வீர்கள் என்பதைப் புதிய சங்கத்தின் முதல் ஆண்டுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். முதல் ஆண்டில் எழுதப்படாததை அடுத்த ஆண்டு வரும் புதிய பொறுப்பாளர்கள் அறியவே மாட்டார்கள்.