குறைந்த விலையில் செமி ஆட்டோமேட்டிக் ஏர் ரைஃபிள்: வாங்கலாமா, வேண்டாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் நாலு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத் துப்பாக்கி சுடும் போட்டியில் சேர ஆசை. ரூ. 20,000-க்குள் 'செமி ஆட்டோமேட்டிக், 12 ரவுண்டு, லைசென்ஸ் தேவையில்லை' என்று ஒரு ஏர் ரைஃபிள் விளம்பரம் பார்த்தேன். தோப்பில் குரங்கு, கிளி விரட்டவும் உதவும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மகளின் பயிற்சிக்கு என்றால் இது வேண்டாம். குரங்கு, கிளிக்கு என்றால் எந்த ஏர் ரைஃபிளுமே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தோப்பில் தகர டப்பாவை வரிசையாக நிறுத்திச் சுட்டு விளையாட என்றால் வாங்கலாம். ஆனால் அதற்கு ஆகும் தொடர் செலவையும், அது தரும் தொல்லையையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முதலில், அந்தப் பெயரில் என்ன விற்கிறார்கள் என்று பாருங்கள். விளம்பரத்தில் 'செமி ஆட்டோமேட்டிக்' என்று போட்டிருப்பதில் பாதி செமி ஆட்டோமேட்டிக்கே கிடையாது. பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் சாதாரண ஏர் கன்னில் பத்துக் குண்டு பிடிக்கும் ஒரு மேகசினை மாட்டியிருப்பார்கள். குண்டைக் கையால் வைக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் பேரலை மடக்கித்தான் ஆக வேண்டும். கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு குண்டு சுட்ட பிறகு, வேறெதையும் தொடாமல் ட்ரிகரை மட்டும் இழுத்தால் அடுத்த குண்டு போகுமா?" போகாது என்றால் அது மல்டி ஷாட். அதற்கென்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

உண்மையிலேயே ட்ரிகரை இழுக்க இழுக்கச் சுடுபவை இரண்டு வகை. ஒன்று, 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பியில் ஓடுவது. குறைந்த விலையில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். இன்னொன்று பிசிபி, அதாவது 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு), சிலவற்றில் 300 பார் வரை காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்துச் சுடுவது. செமி ஆட்டோமேட்டிக் பிசிபி உங்கள் பட்ஜெட்டில் வராது. வந்தாலும் பம்ப் வாங்கத் தனியாகப் பணம் வேண்டும்.

குப்பி வகையில் உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கிராஸ்மேன் 1077 இந்த வகையில் பலருக்கும் தெரிந்த மாடல். அதில் 12 குண்டு பிடிக்கும் ஒரு சிறிய உருளை இருக்கும். ட்ரிகரை இழுக்கும்போது உங்கள் விரலின் பலம்தான் அந்த உருளையைத் திருப்பி, சுத்தியலையும் ஏற்றி, கடைசியில் விடுவிக்கிறது. அதனால் ட்ரிகர் நீளமாகவும் கனமாகவும் இருக்கும். பழகாத கைக்கு, இழுப்பின் கடைசி அரைப் பகுதியில் குறி பக்கவாட்டில் நகர்ந்துவிடும். துப்பாக்கி சரியில்லை என்று பலர் திருப்பிக் கொண்டுபோவது இதனால்தான். பேரலில் குறை இருக்காது.

அடுத்தது வெப்பம். குப்பிக்குள் இருப்பது திரவமான கார்பன் டை ஆக்சைடு. அதன் அழுத்தம் வெயிலைப் பொறுத்தது: 15 டிகிரியில் சுமார் 51 பார், 20-ல் 57, 30-ல் 72. டிசம்பர் காலையில் ஓசூர், தளி பக்கம் சுட்டால் குண்டு மெதுவாகப் போய் கீழே விழும். அதே துப்பாக்கி ஏப்ரல் மதியம் தர்மபுரியில் மேலே அடிக்கும். காலையில் சைட்டை (குறிபார்க்கும் அமைப்பை) திருத்தி, மதியம் மறுபடி திருத்துவதில் பொழுது போய்விடும். இதற்கு மேல், ஒவ்வொரு குண்டுக்கும் கொஞ்சம் திரவம் ஆவியாகும்போது குப்பி குளிர்கிறது. பன்னிரண்டு குண்டையும் பத்து விநாடியில் தட்டிவிட்டால் கடைசி நாலைந்து குண்டு வேகம் குறைந்துதான் போகும். வேகமாகச் சுட என்று வாங்கும் துப்பாக்கி, வேகமாகச் சுட்டால்தான் தடுமாறும். நிதானமாக, குண்டுக்கு இடையே பத்துப் பதினைந்து விநாடி விட்டுச் சுட்டால் நன்றாகவே அடிக்கும். ஆனால் நிதானமாகச் சுடுவதற்கு எதற்கு செமி ஆட்டோமேட்டிக்?

செலவுக் கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு 12 கிராம் குப்பியில் ஏறக்குறைய 50 குண்டு ஒழுங்காகப் போகும். வாரம் நூறு குண்டு சுட்டால் மாதத்துக்கு எட்டுக் குப்பி, வருடத்துக்கு நூறு. உங்களுக்குக் கிடைக்கும் குப்பியின் விலையை நூறால் பெருக்குங்கள். துப்பாக்கி விலைக்குப் பக்கத்தில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கிருஷ்ணகிரியில் குப்பி கடையில் நின்று வாங்கும் சரக்கு இல்லை, பெரும்பாலும் கூரியரில்தான் வர வேண்டும். சோடா சைஃபனுக்கு வரும் குப்பி 8 கிராம். அளவே வேறு, அதைப் பொருத்திப் பார்க்கும் வேலை வேண்டாம். குப்பியைக் காரில், டேஷ்போர்டில் விட்டு வைக்காதீர்கள். 50 டிகிரி தாண்டினால் ஆபத்து, மே மாதம் மூடிய கார் அதைச் சுலபமாகத் தாண்டும்.

குப்பி வகையில் முதலில் பழுதாவது ஓ-ரிங் சீல், அதாவது வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். புதுக் குப்பி மாட்டும்போதெல்லாம் அதன் மூக்கில் இந்தத் துப்பாக்கிகளுக்கென்றே விற்கும் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் கூடாது. மாட்டிய குப்பியைக் காலி செய்யாமல் வாரக்கணக்கில் உள்ளேயே விட்டால் சீல் அமுங்கியே கிடந்து கசிய ஆரம்பிக்கும். கசிவு சந்தேகம் வந்தால் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது தொல்லை மேகசின். பாவாடை (குண்டின் அகன்ற பின்பக்க விளிம்பு) நசுங்கிய ஈயக் குண்டு, அல்லது உருளையின் தடிமனைவிட நீளமான குண்டு போட்டால் உருளை பாதியில் நின்றுவிடும். அப்போது ட்ரிகரைப் பலமாக இழுத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல் போய்விடும். முதலில் பேரலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, மேகசினைக் கழற்றி, பேரலுக்குள் குண்டு நிற்கிறதா என்று பாருங்கள்.

இப்போது மகளின் விஷயம். ஐ.எஸ்.எஸ்.எஃப் (சர்வதேச துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு) 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம். ஒரு குண்டுக்கு ஒன்றேகால் நிமிடம். பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். துப்பாக்கி 4.5 மி.மீ., ஒவ்வொரு குண்டையும் தனித்தனியாகப் போட்டுத்தான் சுட வேண்டும். இந்த விளையாட்டில் செமி ஆட்டோமேட்டிக்குக்கு இடமே கிடையாது. கனமான ட்ரிகரில் ஒரு வருடம் பழகிய விரலை மாற்றுவதற்குப் பயிற்சியாளர் இன்னொரு வருடம் போராட வேண்டும். சேலம் அல்லது கோவையில் உள்ள ரைஃபிள் கிளப்பில் சேர்த்து, முதல் சில மாதம் கிளப் துப்பாக்கியிலேயே பழகட்டும். நிலைக்கு வந்த பிறகு அவள் தோள், கை நீளம் பார்த்து வாங்கலாம். அதற்குள் வீட்டில் ஒன்று வேண்டும் என்றால், மடக்கு பேரல், 4.5 மி.மீ., ஓப்பன் சைட், அளவான பவர் உள்ள ஒற்றைக் குண்டு ரைஃபிள் போதும். இந்தியத் தயாரிப்பிலேயே உங்கள் பட்ஜெட்டுக்குள் கிடைக்கும்.

தோப்பில் வேலையாட்களும் பிள்ளைகளும் நடமாடும் இடத்தில் ஒற்றைக் குண்டுக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. சுட்டதும் அது காலி. மறுபடி மடக்கிக் குண்டு வைக்கும்வரை யார் எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. செமி ஆட்டோமேட்டிக்கில் அடுத்த குண்டு ஏற்கெனவே தயாராக நிற்கும்.

குரங்கு, கிளி, மயில் பற்றி. ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதற்கும், அதை வைத்து எதைச் சுடலாம் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, 2022-ல் திருத்தப்பட்டபோது 'தொல்லை விலங்குகள்' என்று இருந்த பட்டியலையே எடுத்துவிட்டார்கள். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது: அடித்தால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. துப்பாக்கியும் பறிமுதல். 'காயம்தானே பட்டது, சாகவில்லையே' என்ற வாதம் நிற்காது. சட்டத்தில் வேட்டை என்றால் காயப்படுத்துவதும், அதற்கு முயற்சி செய்வதும் சேர்த்துத்தான். காட்டுப்பன்றி விஷயத்தில்கூட சுடும் அதிகாரம் வனத்துறைக்குத்தான், தோட்டக்காரருக்கு இல்லை. பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கம் காவிரி வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டி நிலம் உள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் போவதே குற்றம். நாட்டுத் துப்பாக்கி வழக்குகளைப் பார்த்துப் பழகிய ஊர் இது, தோளில் ஏர் கன்னோடு காட்டோரம் நின்றால் யாரும் நல்லதாக நினைக்க மாட்டார்கள். கிளிக்கு வலை, காய்க்குக் காகித உறை. குரங்குக்கு வனச்சரக அலுவலகத்தில் மனு.

லைசென்ஸ் இல்லாமல் வாங்கும் எல்லை இது: குண்டின் விட்டம் 4.5 மி.மீ. தாண்டக்கூடாது, வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் தாண்டக்கூடாது. விளம்பரத்தில் ஜூல் போட மாட்டார்கள், வேகத்தைத்தான் போடுவார்கள். அதுவும் 0.33 கிராம் எடையுள்ள லேசான அலாய் குண்டை வைத்து அளந்த வேகம். '1000 எஃப்.பி.எஸ்' என்றால் விநாடிக்கு 1000 அடி, அதாவது 305 மீட்டர். கிலோவில் கணக்கிட்ட எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 15 ஜூல் வரும். அதே துப்பாக்கியில் 0.51 கிராம் ஈயக் குண்டு போட்டால் வேகம் 245 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். ஈயக் குண்டு 280 மீட்டர் வேகத்தில் போனால்தான் 20 ஜூலைத் தொடும். எனவே ஈயக் குண்டோடு 1000 எஃப்.பி.எஸ் என்று யாராவது சத்தியம் செய்தால், ஒன்று அவர் சொல்வது பொய், இல்லையென்றால் அது லைசென்ஸ் வாங்க வேண்டிய துப்பாக்கி. இரண்டிலும் நீங்கள் வாங்கக் கூடாது.

ஒற்றைக் குண்டு ரைஃபிள் வாங்கப் போனால் கடையிலேயே மூன்றைப் பாருங்கள். பேரலை மூடிய நிலையில் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. பேரல் மடங்கும் இடத்தின்மேல் டிஷ்யூ துண்டை வைத்துச் சுடச் சொல்லுங்கள், காகிதம் துள்ளினால் வாஷர் கசிகிறது. பத்து மீட்டரில் மேசைமேல் வைத்து ஐந்து குண்டு சுட்டால் ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் நிற்க வேண்டும். குண்டு வைக்காமல் வெறுமனே சுட்டுக் காட்டினால் தடுத்துவிடுங்கள், காற்றின் தடை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் மோதி சீலும் ஸ்பிரிங்கும் கெடும். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இலவசம் என்றால் மயங்காதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும், ஏர் கன்னுக்கென்று செய்யாத ஸ்கோப் சில நூறு குண்டில் உள்ளே கழன்றுவிடும்.

சுடும் இடத்தில் உங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு ஆபத்து உண்டு: வேலிக்கு நட்ட கருங்கல் கம்பம். ஈயக் குண்டு அதில் பட்டால் சிதறும். பால்ரஸ் (இரும்பு உருண்டை) போட்டால் சுட்டவர் முகத்துக்கே திரும்பி வரும். பால்ரஸ் பேரலின் உள்ளே இருக்கும் சுழல் வரியையும் கெடுக்கும், வாங்கவே வேண்டாம். பழைய துணியை இறுகத் திணித்த கோணிச் சாக்கு, அதன் பின்னால் ஒரு அங்குலப் பலகை, அதற்கும் பின்னால் மண்மேடு. ஆள் போகும் வண்டிப்பாதை எதிர்ப்பக்கம் இருக்கக் கூடாது. தவறிய குண்டு முந்நூறு மீட்டருக்கு மேலும் போகும். சுடுபவர், பக்கத்தில் நிற்பவர் எல்லாருக்கும் கண்ணாடி. சுட்டு முடித்ததும் சாப்பாட்டில் கை வைக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஈயம் விரலில் ஒட்டியிருக்கும்.

பில் உங்கள் பெயரில் இருக்கட்டும், மகள் பெயரில் வேண்டாம். அடையாள அட்டை, முகவரிச் சான்று கேட்காமல் விற்கும் ஆளிடம் வாங்காதீர்கள். மாடல், விட்டம், ஜூல், வரிசை எண் நான்கையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லி, அதன் நகலைத் துப்பாக்கி உறைக்குள் வையுங்கள். தோப்புக்குக் கொண்டுபோகும்போது உறையில், குண்டு இல்லாமல்.